அறுந்த மூக்கு ஒட்டியது! வளைந்த எலும்பு நிமிர்ந்தது!

ஒருவனுக்கு அவமானம் வந்துவிட்டால், "மூக்கறுபட்டான்" என்கிறோம். கொஞ்சம் குறைவான அவமானம் என்றால், "மூக்குடைபட்டான்" என்கிறோம். காது அறுபட்டான் என்றோ, கை உடைபட்டான் என்றோ சொல்வது இல்லை. மானம் முழுவதும் மூக்கில்தான் இருக்கிறது என்று நம் முன்னோர் நினைத்தார்கள் போலும்! சூர்ப்பனகைக்கு இலட்சுமணன் கொடுத்த தண்டனையும் அதுதானே!

இது வெறும் பேச்சு அல்ல. உண்மையிலேயே மூக்கை அறுத்த காலம் ஒன்று இருந்தது. அறுத்த மூக்கை மீண்டும் உண்டாக்கிய கைகளும் இந்த நாட்டில் இருந்தன. அந்தக் கைத்திறனைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரர்கள் மூக்கு ஆபரேஷனைப் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள். இன்று மூக்கு எலும்பையே உளியால் வெட்டி, நகர்த்தி, வேண்டிய உருவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

மூக்கறு போர்

திருமலை நாயக்கர் மதுரையை ஆண்ட கடைசிக் காலம். அவர் முதுமையால் தளர்ந்து நோயில் கிடந்தார். அந்தச் சமயம் பார்த்து மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசரின் படை சத்தியமங்கலம் வழியாக மதுரைச் சீமைக்குள் புகுந்தது. அகப்பட்டவர்களை எல்லாம் அந்தப் படை கொல்லவில்லை. மூக்கை அறுத்தது! மூக்கோடு மேல் உதட்டையும் சேர்த்து அறுத்ததாக அந்தக் காலத்துக் கிறிஸ்துவப் பாதிரிகள் கடிதம் எழுதி வைத்திருக்கிறார்கள். அறுத்த மூக்குகள் மூட்டை மூட்டையாக மைசூருக்குப் போயினவாம்.

இராமநாதபுரம் சேதுபதி படையோடு உதவிக்கு வந்தார். மைசூர்ப் படை பின்வாங்கியது. பிறகு மதுரைப் படை மைசூர் நாட்டுக்குள் நுழைந்தது. அது மட்டும் சும்மா இருந்ததா? இல்லை. அங்கே அகப்பட்டவர்களின் மூக்கை இவர்கள் அறுத்தார்கள். சரித்திரத்தில் இதற்கு "மூக்கறு போர்" என்றே பெயர். திருமலை நாயக்கர் இறந்தது 1659-ல்.

உயிரை எடுத்தால் ஒரு நாள் துயரம். மூக்கை எடுத்தால் ஆயுள் முழுவதும் துயரம். போகிற இடம் எல்லாம் தோல்வி தெரியும். அதுதான் இந்தக் கொடுமையின் நோக்கம்.

வண்டிக்காரருக்கு வந்த புது மூக்கு

130 ஆண்டுகள் உருண்டு ஓடின. இப்போது திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் போர். ஆங்கிலப் படையில் மாடு ஓட்டும் வேலையில் ஒரு மராத்தியர் இருந்தார். அவர் பெயர் கவாஸ்ஜி. போரில் அவர் பிடிபட்டார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பிவிட்டார்கள்.

ஓர் ஆண்டுக்கு மேல் கவாஸ்ஜி மூக்கு இல்லாமலே இருந்தார். பிறகு பூனாவுக்கு அருகே ஒருவரிடம் போனார். அந்த மனிதர் டாக்டர் அல்ல; செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்தவர். பரம்பரையாக மூக்கு வைக்கும் வித்தையைக் கற்றவர்.

அவர் செய்யும் முறையை பம்பாயில் இருந்த குரூசோ, பின்ட்லே என்ற இரண்டு ஆங்கில டாக்டர்கள் நேரில் பார்த்தார்கள். அவர்கள் கண்ட காட்சி இது:

முதலில் மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்குப் போன இடத்தில் வைத்து, மூக்குப் போலவே வளைத்துப் பார்த்தார். பிறகு அந்த மெழுகைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்தார். அதைச் சுற்றிக் கோடு போட்டார். தையல்காரர் துணியில் அளவு குறிப்பதுபோல! அந்தக் கோட்டின்படி நெற்றித் தோலை உரித்தார். முழுவதும் உரித்துவிடவில்லை. இரண்டு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு பட்டையை மட்டும் அறுக்காமல் விட்டார்.

சூட்சுமம் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. அதன் வழியாக நெற்றித் தோலுக்கு இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். இரத்தம் ஓடினால்தான் தோல் உயிரோடு இருக்கும். பட்டையையும் அறுத்திருந்தால் அந்தத் தோல் வாழைச்சருகுபோலக் காய்ந்து உதிர்ந்திருக்கும்.

அந்தத் தோலைத் திருப்பி, கீழே இறக்கி, மூக்கு இருந்த இடத்தைச் சுற்றிலும் கீறி, அந்தக் கீறலுக்குள் விளிம்பைச் செருகினார். காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணிப் பட்டைகளில் தடவி, ஐந்தாறு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். ஆம், வெற்றிலையோடு போடுகிறோமே, அதே காசுக்கட்டிதான்! நான்கு நாட்கள் வரை அதைத் தொடவில்லை. பிறகு அதை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி வைத்தார். பத்தாம் நாள் மூக்குத் துவாரம் மூடிக்கொள்ளாமல் இருக்க மெல்லிய துணியைத் திணித்தார். 25-ம் நாள் வாக்கில், கண்களுக்கு நடுவே இருந்த பட்டையை அறுத்துவிட்டார். அதற்குள் புது மூக்கு சொந்த இடத்திலிருந்தே இரத்தம் இழுக்கத் தொடங்கியிருந்தது.

1794 ஜனவரியில் ஓர் ஓவியர் கவாஸ்ஜியைப் படமாகத் தீட்டினார். அப்போது ஆபரேஷன் நடந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அந்தப் படமும் செய்தியும் அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் "ஜென்டில்மன்ஸ் மாகசின்" என்ற பத்திரிகையில் வெளிவந்தன.

அந்தப் பத்திரிகையில் மாட்டுக்காரரின் பெயர் இருக்கிறது. பார்த்த டாக்டர்களின் பெயர் இருக்கிறது. மூக்கு வைத்தவரின் பெயரை மட்டும் அவர்கள் அச்சிடவில்லை!

லண்டன் டாக்டரின் துணிச்சல்

செங்கல் குலத்து வைத்தியருக்கு இந்த வித்தை எப்படி வந்தது? இது மிகப் பழைய வித்தை. சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி வைத்திய நூலில் மூக்கு ஒட்டும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. மர இலை ஒன்றை மூக்கு அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்குக் கன்னத்திலிருந்து தோலை எடுக்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டியபடியே இருக்க வேண்டும். மூச்சு விட இரண்டு சிறு குழல்களைச் செருக வேண்டும் என்கிறது அந்த நூல். கன்னத்துக்குப் பதிலாக நெற்றி பின்னால் வந்த மாறுதல்.

இத்தாலியிலும் இதைப்போல ஒரு முறை இருந்தது. 1597-ல் தாலியாகோசி என்ற டாக்டர் அதைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். அவர் கைத் தோலை எடுத்தார். அது ஒட்டும் வரையில் நோயாளி கையைத் தலைக்கு மேல் தூக்கி, மூக்கோடு சேர்த்துக் கட்டியபடி வாரக்கணக்கில் இருக்க வேண்டும். யாருக்கு அந்தப் பொறுமை வரும்? அந்த முறை மறைந்துபோனது.

லண்டனில் கார்ப்பியூ என்ற டாக்டர் கவாஸ்ஜியின் செய்தியைப் படித்தார். பல காலம் பிணங்களின் மேல் பழகிப் பார்த்தார். 1814 அக்டோபர் 23-ந் தேதி, மூக்கு இழந்த ஒரு ராணுவ அதிகாரிக்கு நம் நாட்டு முறைப்படி ஆபரேஷன் செய்தார். அப்போது மயக்க மருந்து கிடையாது. ஈதர் மயக்கம் 1846-ல்தான் வந்தது. அந்த அதிகாரி வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தபோது, கூட நின்றவர் மூக்கைக் கண்டு வியந்து கத்திவிட்டாராம். ஆபரேஷன் வெற்றி!

நெற்றித் தோலை இறக்கும் இந்த முறையை இன்றும் பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள். புற்றுநோயால் மூக்கு அரித்துப் போனவர்களுக்கு இது கைகொடுக்கிறது.

உங்கள் மூக்கைத் தொட்டுப் பாருங்கள்

தோலை ஒட்டினால் மட்டும் மூக்கு நிற்குமா? உள்ளே தூண் வேண்டாமா?

உங்கள் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். கண்களுக்கு நடுவே கல் மாதிரி இருக்கும். அது எலும்பு. விரலைக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் மெத்தென்று ஆகும். அதற்குக் கீழே இருப்பது குருத்தெலும்பு. நுனியை இப்படியும் அப்படியும் ஆட்டலாம். மேல் பகுதியை ஆட்ட முடியாது.

மேலே இருப்பவை இரண்டு சிறு எலும்புகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரலின் ஒரு கணு அளவுதான். ஓட்டு வீட்டுக் கூரையைப்போல இரண்டும் சரிவாக வந்து நடுவில் முகட்டில் சேருகின்றன. மேலே கனமாகவும் கீழே வர வர மெல்லியதாகவும் இருக்கும். அதனால்தான் பந்து பட்டால் கீழ்ப்பகுதி எளிதாக உடைகிறது. உள்ளே நடுவில் ஒரு சுவர் நின்று இடப்பக்கம், வலப்பக்கம் என்று மூக்கைப் பிரிக்கிறது.

மூக்கு நடுவில் கூன் விழுந்ததுபோல் மேடாக இருந்தால் அதைக் குறைக்க முடியுமா? அதற்கு வழி கண்டவர்களில் பெரியவர் ஜோசப் என்ற ஜெர்மன் டாக்டர்.

வேலையை இழந்த டாக்டர்

ஜாக் ஜோசப் 1865-ல் பிறந்தவர். யூதர். பெர்லின் நகரில் எலும்பு வைத்தியசாலை ஒன்றில் உதவி டாக்டராக இருந்தார். ஒருநாள் ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தாள். பையனின் காதுகள் விசிறிபோல் விரிந்திருந்தன. மற்றப் பிள்ளைகள் கேலி செய்ததால் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம் பிடித்தான். 1896-ல் ஜோசப் அவன் காதை ஆபரேஷன் செய்து சரிப்படுத்தினார். பையன் பள்ளிக்கூடம் போனான். ஜோசப்பின் வேலை போயிற்று! நோய் இல்லாத காதில் கத்தி வைப்பதா என்று தலைமை டாக்டருக்குக் கோபம்.

1898-ல் மற்றொருவர் ஜோசப்பைத் தேடி வந்தார். 28 வயது, நிலபுலம் உள்ளவர். அவருடைய மூக்கு மிகப் பெரியது. தெருவில் போனால் எல்லாரும் வெறித்துப் பார்க்கிறார்கள் என்று மனம் நொந்து, வெளியே போவதையே குறைத்துவிட்டார். ஜோசப் முதலில் ஒரு பிணத்தின் மேல் செய்து பார்த்தார். பிறகு அவருக்கு ஆபரேஷன் செய்தார். எலும்பையும் குருத்தையும் குறைத்தார். அந்த மனிதர் சிரித்த முகத்தோடு வெளியே நடமாடத் தொடங்கினார்.

ஜோசப் அந்த வருஷமே பெர்லின் டாக்டர்கள் சங்கத்தில் இதை எடுத்துச் சொன்னார். உடல் நோய்போல, முகத்தைப் பற்றிய மன வேதனையும் ஒரு நோய்தான். அதைத் தீர்ப்பது டாக்டரின் கடமை என்பது அவர் வாதம். இன்றைக்கும் இதைப் பற்றிச் சண்டை ஓயவில்லை. அழகுக்காகக் கத்தியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போக மறுத்த அந்தப் பையனை நினைத்தால், நமக்கு என்னவோ ஜோசப் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

முதலில் அவர் மூக்கின் மேலேயே தோலை வெட்டினார். அதனால் தழும்பு விழுந்தது. பிறகு மூக்குத் துவாரத்தின் உள்ளிருந்தே வெட்டும் முறைக்கு மாறினார். அமெரிக்காவில் ரோ என்ற டாக்டர் 1887-லேயே உள்ளிருந்து செய்து காட்டியிருந்தார். ஜோசப் இதற்கென்றே சின்னஞ்சிறு ரம்பங்களைச் செய்துகொண்டார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கும் சிகிச்சை செய்தார். "மூக்கு ஜோசப்" என்றே பெர்லினில் அவருக்குப் பட்டப்பெயர்! 1933-ல் ஹிட்லர் ஆட்சி வந்து யூத டாக்டர்களை ஒடுக்கத் தொடங்கியது. 1934 பிப்ரவரியில் ஜோசப் இறந்தார்.

எலும்பை எப்படி நகர்த்துகிறார்கள்?

ஓட்டு வீட்டு உவமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூரை மிக உயரம் என்று முகட்டை மட்டும் அறுத்து எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டு பக்கச் சரிவும் நடுவில் சேராமல் வாய் பிளந்து நிற்கும். மூக்கிலும் அப்படியே. மேட்டை மட்டும் சீவினால் மூக்கு தட்டையாக, அகலமாகத் தெரியும். தொட்டால் நடுவில் பள்ளம் தட்டுப்படும்.

ஆகவே இரண்டாவது வேலை ஒன்று உண்டு. கன்னத்தோடு மூக்கு எலும்பு சேரும் இடத்தில், அடிப்பக்கமாக, இரண்டு புறமும் மெல்லிய உளியால் வெட்டுகிறார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள உளி அது. உதவியாளர் சிறு சுத்தியால் மெல்லத் தட்டுவார். எலும்பு பிளந்ததும் டாக்டர் இரண்டு விரல்களால் பக்கவாட்டில் அழுத்துவார். இரண்டு சரிவும் உள்ளே நகர்ந்து, நடுவில் மறுபடி சேரும். முகடு தயார்!

கோணல் மூக்குக்கும் இதே வழிதான். எலும்பை வெட்டி, நடுக்கோட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். ஆனால் உள்ளே நடுச்சுவர் வளைந்திருந்தால் அதையும் நிமிர்த்த வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு பழையபடி வளைந்துகொள்ளும்.

இப்போது ஒலி அதிர்வால் எலும்பை வெட்டும் கருவியும் வந்துவிட்டது. அதன் முனை ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான தடவை அதிர்கிறது. எலும்பை வெட்டும், பக்கத்தில் உள்ள சதையையும் இரத்தக் குழாயையும் பெரும்பாலும் காயப்படுத்தாது. ஆனாலும் உளி பிடித்துப் பழகிய கைக்கு இன்னும் மதிப்புக் குறையவில்லை.

எலும்பைக் குறைத்தால் ஆபத்து இல்லையா? உண்டு. மிகவும் நெருக்கிவிட்டால் மூச்சு வழி குறுகும். பார்க்க லட்சணமான மூக்கு. ஆனால் இரவில் வாயால் மூச்சு! நல்ல டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி, "மூச்சு எப்படி இருக்கிறது?" என்பதுதான்.

வேலூரில் எழுந்த மூக்குகள்

குறைக்க வேண்டிய மூக்கு ஒரு வகை. உட்கார்ந்துபோன மூக்கு இன்னொரு வகை. அதற்கு நம் வேலூர் பெயர் பெற்றது.

தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும். மூச்சுக் காற்று ஓடுவதால் மூக்கின் உட்புறம் எப்போதும் குளிர்ச்சி. கிருமி அங்கே குடியேறி உட்தோலைப் புண்ணாக்குகிறது. புண் ஆறும்போது தோல் சுருங்கி, மூக்கை உள்ளே இழுக்கிறது. குருத்தும் எலும்பும் கரைகின்றன. வெளித்தோல் அப்படியே இருக்கும். ஆனால் கம்பம் முறிந்த கூடாரம்போல மூக்கு விழுந்துவிடும்.

நோய் முழுக்கக் குணமானாலும் அந்த மூக்கு ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். "இவன் பெரு வியாதிக்காரன்" என்று வீட்டில் சேர்க்கமாட்டார்கள், வேலை தரமாட்டார்கள். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார். விரல் நிமிர்ந்தவர்களுக்கும் முகத்தால் வேலை கிடைக்கவில்லை. எனவே மூக்கையும் புருவத்தையும் சரிப்படுத்தும் வேலையும் அங்கே நடந்தது.

இதில் நெற்றித் தோல் தேவையில்லை. மேல் உதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே கீறி, உள்வழியாகச் சென்று, சுருங்கிய உட்புறத்தை விடுவிக்கிறார்கள். உள்ளே புதுத் தோலைப் பதிக்கிறார்கள். பிறகு இடுப்பு எலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் செதுக்கி, மூக்குக்குள் தூணாக வைக்கிறார்கள். விழுந்த கூடாரம் எழுந்து நிற்கிறது!

இப்போது கூட்டு மருந்துகளால் தொழுநோய் முற்றிலும் குணமாகிறது. மூக்கு விழும் அளவுக்கு விடாமல் ஆரம்பத்திலேயே மருந்து சாப்பிட்டால் கத்திக்கே வேலை இல்லை.

வீட்டில் உள்ளவர்களுக்கு

பிள்ளை விளையாடும்போது மூக்கில் அடிபட்டால் உட்கார வைத்துத் தலையை முன்பக்கம் குனியச் செய்யுங்கள். மூக்கின் மெத்தென்ற பகுதியை விரலால் அழுத்திப் பிடியுங்கள். தலையை அண்ணாந்து வைத்தால் இரத்தம் தொண்டைக்குள் போகும். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம்.

பிறகு டாக்டரிடம் காட்டுங்கள். மூக்கினுள் நடுச்சுவரில் இரத்தம் கட்டி வீங்கியிருந்தால் அன்றே எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் குருத்து அழுகி மூக்கு உட்கார்ந்துவிடும். எலும்பு விலகியிருந்தால், வீக்கம் வடிந்தபின் நகர்த்தி வைப்பார்கள். பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். குழந்தைகளுக்கு எலும்பு சீக்கிரம் கூடிவிடும்; ஆகவே ஒரு வாரத்துக்குள் செய்துவிடுவது நல்லது. நாள் கடந்துவிட்டால் மறுபடி உளி எடுத்து வெட்டித்தான் நிமிர்த்த வேண்டும்.

கல்யாணம் நிச்சயமாகிறது, அதற்குள் பெண்ணின் மூக்கை மாற்றிவிடலாம் என்று அவசரப்படும் பெற்றோர்களும் இருக்கிறார்கள். முகம் வளர்ந்து முடியும் முன்னே எலும்பில் கை வைக்க டாக்டர்கள் விரும்புவதில்லை. பெண்களுக்கு 15, 16 வயதும், ஆண்களுக்கு அதைவிட ஓர் ஆண்டு இரண்டு ஆண்டு கூடுதலும் ஆக வேண்டும். மேலும், கேட்க வேண்டியது அந்தப் பெண்ணை. மாப்பிள்ளை வீட்டாரை அல்ல!

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வாரம் மூக்கின் மேல் மாவுக் கட்டோ, பிளாஸ்டிக் தகடோ இருக்கும். கண்ணைச் சுற்றி நீலம் பூத்து, கண்ணாடியில் பார்த்தால் பயமாக இருக்கும். இரண்டு வாரத்தில் அது மறைந்துவிடும். எலும்பு கூட ஆறு வாரம் ஆகும். அதுவரை மூக்குக் கண்ணாடியின் பாரம் மூக்கில் படக்கூடாது. பந்து விளையாட்டும் கூடாது. உள் வீக்கம் முழுவதும் வடிந்து, நிஜமான உருவம் தெரிய ஓர் ஆண்டு ஆகலாம்.

நூறு பேரில் ஐந்து முதல் பதினைந்து பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்படுகிறது என்று டாக்டர்களே கணக்குச் சொல்கிறார்கள். அதையும் அந்த ஓர் ஆண்டு முடிந்த பிறகே செய்வார்கள்.